முதலில் சாப்பாடு, பிறகு ரிமாண்ட்

“ஞாயிறு. மாஜிஸ்திரேட் அம்மா வீட்டில் ரிமாண்ட். மாணவர் ஐவர். சாப்பாட்டுக்கு நடுவே விசாரணை. காவல் மறுப்பு. மாலையில் தூறல்.”

என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு இவ்வளவுதான் இருக்கிறது. தேதியும் ஆண்டும் பக்கத்தின் தலையில் அச்சாகியிருக்கின்றன. அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. தேதி இல்லாமல் எதையும் எழுதிப் பழகாத எனக்கு இது கஷ்டம்தான். ஆனால் அந்த ஐந்து பேரும் இன்று வேலையும் குடும்பமுமாக இருப்பவர்கள். தேதியைச் சொன்னால் திண்டிவனத்தில் பாதிப் பேருக்கு ஆள் தெரிந்துவிடும். பெயர்களையும் அதற்காகவே மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடியே.

எழுதச் சொன்னவர், நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது பெஞ்ச் கிளார்க்காக உட்காரும் பெண். ஊழியர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டுப் பேசினார்.

“சார், இப்பல்லாம் காவல் நீட்டிப்பு பெரும்பாலும் ஸ்கிரீன்லயே முடிஞ்சிடுது. ஜெயில்ல இருந்தே ஆளைக் காட்டிடறாங்க. உங்க காலத்துல எப்படி சார் பண்ணிக்கினு இருந்தீங்க?”

திரையில் என்ன தெரியும் என்று கேட்டேன்.

“மூஞ்சி தெரியும் சார். சட்டைப் பாக்கெட் வரைக்கும் தெரியும்.”

அந்தப் பதில் இரண்டு நாள் மனதைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் உத்தியோகக் கதை சுருக்கமானது. விக்கிரவாண்டிப் பக்கத்துக் கிராமம். தட்டச்சு இரண்டு மொழியிலும் தேறி, நீதிமன்றத்தில் தட்டச்சராகச் சேர்ந்தேன். சில வருடம் நகல் பிரிவு, சில வருடம் விழுப்புரம், பிறகு திண்டிவனத்தில் பெஞ்ச் கிளார்க், கடைசியில் தலைமை எழுத்தர். பழகும் காலத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாடம், நீதிபதிகளின் கையெழுத்தைப் படிப்பது. அது ஒரு மொழி மாதிரி. கற்றுக்கொண்டால் ஓய்வு பெறும்வரை சோறு போடும்.

மலரை வீட்டில் உள்ளவர்களும் படிப்பார்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போலீஸ் ஒருவரைக் கைது செய்தால் ஒரு நாளைக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அவரைச் சிறைக்கு அனுப்புவதா, வெளியில் விடுவதா என்று மாஜிஸ்திரேட் தீர்மானிப்பார். சிறைக்கு அனுப்பும் அந்த உத்தரவைத்தான் ரிமாண்ட் என்கிறோம். விடுமுறை நாள் என்றால் மாஜிஸ்திரேட்டின் வீட்டுக்கே அழைத்துவருவார்கள். பெஞ்ச் கிளார்க்கும் போக வேண்டும்.

நான் ஆரம்பத்தில் பார்த்த ரிமாண்டுகள் வேகமானவை. ஒரு மாஜிஸ்திரேட் கடைத்தெருவுக்குக் கிளம்பிய நேரத்தில் ஜீப் வந்தது. வண்டியைவிட்டு இறங்காமலே, “அடிச்சாங்களா?” என்று கேட்டார். கைதானவன் இரண்டு பக்கமும் நின்ற போலீஸ்காரர்களைப் பார்த்துவிட்டு, “இல்லீங்க ஐயா” என்றான். ஸ்கூட்டரின் பின்சீட்டில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். சட்டப்படி குறையொன்றும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டார்.

மாஜிஸ்திரேட் அம்மா திண்டிவனத்துக்கு வந்தபிறகுதான் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று ஒரு முறை இருப்பதைப் பார்த்தேன். தெற்கேயிருந்து வந்தவர், நடுத்தர வயது, தனியாக அரசுக் குடியிருப்பில் இருந்தார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ரிமாண்டுக்கு யார் வந்தாலும் முதலில் போலீஸாரைக் கேட்டுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிடுவார். கைதானவர் ஓடிவிட்டால் என்ன செய்வது என்று ஒரு இன்ஸ்பெக்டர் கேட்டபோது, “வீட்டுக்கு ஒரே கேட்டுதான். அங்கதானே நிக்கிறீங்க?” என்றார். பிறகு வந்தவரிடம், “சாப்பிட்டாச்சா?” என்பார். ஸ்டேஷனில் கொடுத்ததாகப் போலீஸ் சொன்னாலும் எதிரே இருந்த மெஸ்ஸிலிருந்து பொட்டலம் வரும். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் பேனாவைத் திறப்பார்.

“பசியில இருக்கறவர் எதுக்கும் தலையாட்டுவார் சார். அதைப் பதில்னு எடுத்துக்க முடியாது” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

போலீஸாருக்கு இது எரிச்சல். “இன்னா சார், உங்க அம்மா நடத்தறது கோர்ட்டா, அன்னதானக் கூடமா?” என்று ஏட்டு கோவிந்தன் என்னைக் கிண்டல் செய்வார். அப்படிச் சொல்லிக்கொண்டே ஓடிப்போய்ப் பொட்டலம் வாங்கிவருவதும் அவர்தான்.

இனி அந்த ஞாயிறு. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். அங்கே மாணவர் பேரவைக்குத் தேர்தல் நடப்பதை நிறுத்திவிட்டு, நிர்வாகமே ஆட்களை நியமிக்க ஆரம்பித்திருந்தது. எங்கள் பிரதிநிதியை நாங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்போம் என்று மாணவர்கள் கேட்டார்கள். கோரிக்கை அது ஒன்றுதான். வகுப்பைப் புறக்கணித்துக் கல்லூரி வாசலில் உட்கார்ந்தார்கள். நிர்வாகத்தினர் விடுதியில் தண்ணீரை நிறுத்தினார்கள். பிறகு விடுதியையே மூடினார்கள். பிள்ளைகள் பெட்டியும் படுக்கையுமாக வாசலிலேயே இருந்தார்கள். கூட்டம் கூடத் தடை உத்தரவு வந்தது. சனிக்கிழமை தடியடி நடந்தது. ஐந்து பேர் கைது.

ஞாயிறு காலை போலீஸார் என்னைக் கூப்பிட்டார்கள். நான் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வேன் வந்துவிட்டிருந்தது. இறங்கியவர்களில் நான்கு பையன்கள், ஒரு பெண். அந்தப் பெண், தேன்மொழி, மரக்காணம் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து படிக்க வந்தவள். இவள்தான் வாசலில் பேசியவள் என்று போலீஸ் அறிக்கை சொன்னது. பையன்களில் ஒருவன் அருள். வல்லத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம், மல்லாட்டை எனும் நிலக்கடலைக் கொல்லைகளில் கூலி வேலை செய்யும் குடும்பம், கடைசி வருடப் படிப்பு. வேனுக்குப் பின்னாலேயே ஒரு ஷேர் ஆட்டோவில் அவனுடைய அம்மா சகாயமேரி வந்து இறங்கி, சாலையின் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டார்.

காகிதங்களைச் சரிபார்ப்பது என் வேலை. கைது குறிப்பு இருந்தது. வீட்டாருக்குத் தகவல் சொன்னதற்குக் கையொப்பம் இருந்தது. மருத்துவச் சான்று ஐந்து பேருக்கும் தனித்தனியாக இருந்தது; வெளிக்காயம் எதுவும் இல்லை என்று எல்லாவற்றிலும் ஒரே வாசகம். அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாகவும் கல் வீசியதாகவும் வழக்கு. பதினைந்து நாள் சிறைக்காவல் கேட்டிருந்தார்கள். அந்த வாரத்தில் செய்முறைத் தேர்வு ஆரம்பம். உள்ளே போனால் ஐந்து பேருக்கும் ஒரு வருடம் போய்விடும். அருளுக்கு ஒரு வருடம் போனால் படிப்பே போய்விடும் என்பது அவன் அம்மா நின்ற நிலையிலேயே தெரிந்தது.

அம்மா கூடத்தில் ஐந்து பேரையும் பார்த்தார். “சாப்பிட்டாச்சா?”

“காலையில இட்லி வாங்கிக் குடுத்தோம்மா” என்றார் கூடவே உள்ளே வந்துவிட்ட சப்-இன்ஸ்பெக்டர்.

“அவங்களைக் கேட்டேன். நீங்க வெளிய நில்லுங்க.”

ஏட்டு சாம்பார் சாதப் பொட்டலங்களைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டுக் கேட்டுக்குப் போனார். அந்த வீட்டில் இருந்தவை இரண்டு நாற்காலி. அம்மா பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து, “உட்காருங்க” என்றார். தேன்மொழியும் மூன்று பையன்களும் சம்மணம் போட்டு உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்கள். அருள் நின்றுகொண்டே இருந்தான்.

“நீயும் உட்காருப்பா.”

“பரவால்லம்மா. நின்னுக்கினே சாப்பிடறேன். பழக்கம்.”

“வீட்ல நின்னுக்கிட்டா சாப்பிடுவே?”

“ஆமாம்மா.”

அவனை ஒரு கணம் பார்த்துவிட்டு அம்மா தன் நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான், உட்காரவில்லை. பிறகு, பிடிவாதம் என்று நினைத்துவிடப் போகிறார்களே என்றோ என்னவோ, சுவரில் கையை ஊன்றிக் கீழே இறங்கப் பார்த்தான். முழங்கால் மடங்கவில்லை. பாதி வழியில் முகம் வெளுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மறுபடி நிமிர்ந்துவிட்டான். கூடத்தில் யாரும் சோற்றை வாயில் வைக்கவில்லை.

அம்மா பேனாவைத் திறக்கவில்லை. “அருள், உன்னை யாராவது அடிச்சாங்களா?”

“இல்லம்மா. ஓடறப்ப விழுந்துட்டேன்.”

“எங்க விழுந்தே?”

“ரோட்டுல.”

தேன்மொழி பொட்டலத்தைத் தள்ளிவைத்தாள். “டேய், சொல்லிடுடா. நீ சொல்லலன்னா நான் சொல்லிடுவேன்.”

“நீ சும்மா இரு தேனு.”

“இன்னாத்துக்குச் சும்மா இருக்கணும்? நைட்டு பூரா குப்புறப் படுத்துக்கினு அழுதியே, அது விழுந்ததாலயா?”

“ஏய், எங்கம்மாவை எஃப்.ஐ.ஆர்-ல ஏத்திடுவேன்னு சொல்லியிருக்காருடி!” என்று கத்திவிட்டான். கத்திய பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது.

அம்மா என் பக்கம் திரும்பி, “அந்தத் தாயாரைக் கூப்பிடுங்க சார்” என்றார்.

நான் போய்க் கூப்பிட்டேன். சப்-இன்ஸ்பெக்டர், “சார், அது மனுவுல இல்லாத ஆளு” என்றார். அம்மா கூப்பிடுகிறார் என்று மட்டும் சொன்னேன். சகாயமேரி செருப்பைக் கேட்டுக்கு வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். முதல்நாள் ஸ்டேஷன் வாசலில் அவர் சத்தம் போட்டிருக்கிறார். அதை வைத்துத்தான் மிரட்டல். நீ வாயைத் திறந்தால் உன் அம்மா ஆறாவது எதிரி என்று.

“இவன் பயப்படறது உங்களுக்காகத்தான். உங்க மேலயும் கேஸ் போடுவோம்னு சொல்லியிருக்காங்களாம்” என்றார் அம்மா.

சகாயமேரி மகனைப் பார்த்தார். கண் கலங்கும் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது.

“அடப் பாவி, அதுக்காடா வாயை மூடிக்கினு நிக்கிற? என்னை ஜெயிலுக்கு இட்டுக்கினு போனா மூணு வேளையும் ஒக்கார வச்சு சோறு போடுவாங்கடா. மல்லாட்டைக் கொல்லையில களை எடுக்கறத விட அது இன்னா பேஜாரா? போட்டுக்கட்டும், என் பேரையும் போட்டுக்கட்டும். அம்மா, சகாயமேரின்னு எழுதிக்கச் சொல்லுங்க. பேரைத் தப்பா எழுதிடப் போறாங்க.”

தேன்மொழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவளைப் பார்த்து மற்ற மூன்று பையன்களும் சிரித்தார்கள். அருளும் சிரித்தான், சிரித்தபடியே அழ ஆரம்பித்தான். சகாயமேரி முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்து, “சொல்லுடா. அம்மா கேக்கறாங்கல்ல” என்றார்.

அதன்பிறகு அவன் சொன்னான். எந்த அறை, யார் காலைப் பிடித்துக்கொண்டார்கள், எதால் அடித்தார்கள், மருத்துவமனையில் டாக்டர் முன்னால் நின்றபோது யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று. அம்மா ஒரு வார்த்தையைக்கூட அலுவலகத் தமிழாக்கவில்லை. அன்று மட்டும் சாப்பாடு முடியும்வரை காத்திராமல், அவன் சொன்னபடியே எழுதினார். முடித்ததும் உரக்கப் படித்துக் காட்டினார். ஓர் இடத்தில், “அது கம்பு இல்லம்மா, பைப்பு” என்றான். அடித்துத் திருத்திப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். முட்டிக்கு மேலே கால்சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லி, பார்த்ததைத் தனியாகக் குறித்தார். அதை நான் இங்கே எழுதவில்லை.

பிறகு சப்-இன்ஸ்பெக்டரை உள்ளே கூப்பிட்டார். அடித்ததைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதற்கு வேறு இடம் இருக்கிறது.

“இந்தக் குற்றத்துக்கு இவங்களைக் கைது செஞ்சு உள்ள வைக்க வேண்டிய அவசியம் என்ன? காரணம் எழுதியிருக்கணுமே?”

“வெளிய விட்டா மறுபடியும் போய் உட்காருவாங்கம்மா.”

“உட்கார்றது குற்றமா?”

“தடை உத்தரவு இருக்கும்மா.”

“அந்த உத்தரவு நாளையோட முடியுதுன்னு நீங்களே காகிதம் வச்சிருக்கீங்க. பதினஞ்சு நாள் எதுக்குக் கேக்கறீங்க?”

“மேலிடத்துல என்னைக் கேப்பாங்கம்மா” என்றார். அதில் மிரட்டல் இல்லை. பயம்தான் இருந்தது. அதையும் சொல்லிவிடுவது நியாயம்.

“கேட்டா என் உத்தரவைக் காட்டுங்க. அதுல கையெழுத்து என்னோடது.”

காவல் மறுக்கப்பட்டது. ஐவரும் சொந்தப் பிணையில் விடுவிக்கப்பட்டார்கள். அருளை அரசு மருத்துவமனையில் வேறு டாக்டர் பரிசோதித்து நேரடியாக நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். பரிசோதனையின்போது போலீஸார் அறையில் இருக்கக் கூடாது. வாக்குமூலத்தின் நகல் மேல் நடவடிக்கைக்கு அனுப்பப்படும். நான் தட்டச்சு செய்தேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட வரவில்லை என்பதில் எனக்கு இன்றும் பெருமை.

பிணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது தேன்மொழி பேனாவை வாங்கிக்கொண்டு நிறுத்தினாள். “அம்மா, இனிமே போராட மாட்டோம்னு இதுல எழுதியிருக்கா? இருந்தா நான் போட மாட்டேன். ஜெயிலுக்கே போறேன்.”

பையன்களும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். அவ்வளவு நேரம் போராடிக் கிடைத்த விடுதலையை ஒரு வரிக்காக வேண்டாம் என்கிறார்களே என்று எனக்குப் பதறியது. அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. “முழுசாப் படிம்மா. படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதே” என்றார். அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கூப்பிடும்போது கோர்ட்டுக்கு வர வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. போட்டாள். ஆறிப்போன சாம்பார் சாதத்தை நான்கு பேரும் அதன்பிறகு சாப்பிட்டார்கள். அருள் நின்றுகொண்டு சாப்பிட்டான். அவன் அம்மா பொட்டலத்தைக் கையில் ஏந்திப் பிடித்துக்கொண்டார்.

கேட்டைத் திறந்துவிட்ட ஏட்டு கோவிந்தன், என்னிடம் மட்டும் கேட்கும்படி, “நல்லதாப் போச்சு சார்” என்றார். ஆஸ்பத்திரிக்கு வண்டியையும் அவரே பேசிவிட்டார்.

ஐவரும் செய்முறைத் தேர்வை எழுதினார்கள். வழக்கு சில வருடம் இழுத்தது. மாணவர்கள் மீது போட்ட வழக்குகளை அரசு திரும்பப் பெற்றபோது இதுவும் அதில் போயிற்று. அதற்கெல்லாம் முன்பே, போராட்டத்துக்கு மறு கல்வியாண்டில் அந்தக் கல்லூரியில் தேர்தல் நடந்தது. வாக்களிக்க ஐவரில் ஒருவரும் அங்கே இல்லை. எல்லோருமே கடைசி வருடத்தில் இருந்தவர்கள், படித்து முடித்திருந்தார்கள். தேன்மொழி அன்றைக்கு விடுப்புப் போட்டுக்கொண்டு வந்து, கல்லூரி வாசலில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போனதாக அருள் பிற்பாடு என்னிடம் சொன்னான்.

தேர்தல் நடந்தபோது அம்மா திண்டிவனத்தில் இல்லை. அந்த ஞாயிறு முடிந்து சில மாதங்களிலேயே மாற்றல் வந்துவிட்டது. விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து தெற்கே போகும் ரயில். சாமான்களை ஏற்ற நானும் நீதிமன்றச் சேவகரான டவாலியும் போயிருந்தோம். பிளாட்பாரத்தில் சகாயமேரி நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு துணிப்பை நிறைய வேகவைத்த மல்லாட்டை, ஆவி பறக்க.

“வழியில சாப்பிடுங்கம்மா. எங்க கொல்லையில வெளைஞ்சது இல்ல, கூலிக்குக் குடுத்தது. ஆனா நல்ல காய்.”

அம்மா என்னைப் பார்த்தார். “சார், அந்தக் கேஸ் முடிஞ்சிடுச்சா?”

“நிலுவைல இருக்கும்மா.”

அம்மா சகாயமேரியின் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்ப நான் வாங்கக் கூடாதுங்க. தப்பா நினைக்காதீங்க.”

“மல்லாட்டை கூடவா கேசு ஆயிடும்? சரிம்மா, சாருக்காவது குடுக்கறேன்.”

“அவரும் வாங்கக் கூடாது.”

“டவாலி அண்ணன்?”

“அவரும்தான்.”

“நல்ல கோர்ட்டும்மா இது” என்று சொல்லிவிட்டு சகாயமேரி பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, பையைப் பிரித்து, பக்கத்தில் நின்ற போர்ட்டருக்கும் குழந்தையோடு வந்த ஒரு பெண்ணுக்கும் அள்ளிக் கொடுத்தார். நாங்கள் மூவரும் அந்த வாசனையில் நின்றோம். ரயில் வந்ததும் அம்மா ஏறினார். சகாயமேரி ஜன்னலோரமாகக் கூடவே நடந்து, “சோறு போட்ட கை, நல்லா இருக்கும்மா” என்றார்.

முப்பது வருடத்துக்கு மேல் நீதிமன்றத்தில் இருந்தேன். நல்ல அதிகாரிகள் பலரிடம் வேலை பார்த்தேன். ஒரு கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் கேட்கப்படுகிறவரை அதற்குப் பதில் சொல்லக்கூடிய நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதை இவரிடம்தான் பார்த்தேன். அதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் இடம் எனக்கு வாய்த்ததற்கு நன்றியோடு இருக்கிறேன். மலருக்குக் கட்டுரை கேட்ட தங்கைக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: திரையில் வருபவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்பதைக் காட்டச் சொல்ல ஒரு பொத்தானும் தேவையில்லை. கேட்டால் போதும்.

கடைசியாக ஒன்று. அம்மா திண்டிவனத்துக்கு வந்து வழக்கமான காலம் முடியவில்லை, அதற்குள் மாற்றல். உத்தரவில் “நிர்வாக நலன் கருதி” என்று இருந்தது. எல்லா மாற்றல் உத்தரவிலும் அப்படித்தான் இருக்கும். அந்த ஞாயிறுதான் காரணம் என்று வழக்கறிஞர்கள் பேசிக்கொண்டார்கள். அந்தச் சுற்றில் வேறு பலரும் மாற்றப்பட்டார்கள் என்பதையும் நான் குறித்துவைத்திருக்கிறேன். பல வருடம் கழித்துத் தொலைபேசியில் அம்மாவிடமே கேட்டேன். “மாத்திப் போன ஊர்லயும் ஆளுங்க பசியோடதான் சார் வந்தாங்க” என்று சொல்லிவிட்டு என் உடல்நலத்தை விசாரித்தார். அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள முடியாது. மாற்றலுக்கும் அந்த உத்தரவுக்கும் தொடர்பு இருந்ததா என்பதை என்னால் இதுவரை உறுதி செய்ய முடியவில்லை.